டம்ளர் நகரும் படம்

எங்கள் ஸ்டாப் மோஷன் படத்துக்கு ஒவ்வொரு காட்சியையும் நானே வரைந்து வைத்திருந்தேன். சுவரோரத்து அலமாரித் தட்டில் நகர்ந்து வரும் ஒரு சில்வர் டம்ளர், கடைசியில் விழும். நான் அதை நூலளவு தள்ளுவேன். கூடப் படிக்கும் மஞ்சு ஒரு போட்டோ எடுப்பாள். மறுபடியும் தள்ளுவேன். அது தட்டில் உரசும் சத்தம் என்னைக் காரமடைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டுக்கு இழுத்துப் போனது.

அருகிலேயே கல்குவாரி. அப்பாவுக்கு அங்கே பாறையில் வெடி வைக்கும் வேலை. மதியம் எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் அம்மா தூசி விழாமல் சோற்றுச் சட்டியை மூடுவாள். பிறகு வெடி. தரை குலுங்கும். டம்ளர்கள் கிலுகிலுத்துத் தட்டின் விளிம்பை நோக்கி நகர்ந்திருக்கும்.

“ஆரும்மா தள்றாங்க?”

“பூமி தள்ளுது கண்ணு. நாமதான் பாத்து உள்ள தள்ளி வெக்கோணும்.”

உள்ளங்கையால் வரிசையைச் சுவரோடு சேர்ப்பாள்.

ஒரு நாள் சங்கு ஊதவில்லை; வெடி மட்டும் கேட்டது. சட்டி திறந்தே இருந்தது. டம்ளர்கள் நகர்ந்தன, ஒன்று விழுந்து வாசல்வரை உருண்டது. அம்மா அதை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சங்கு ஊதியது. நிற்காமல் ஊதியது. அம்மா செருப்பில்லாமல் ஓடினாள். அப்பா காலையிலேயே வேலைக்குப் போயிருந்தார்.

“இன்னும் ஒரே தள்ளு புள்ள, உழுந்துரும்,” என்றாள் மஞ்சு, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டம்ளர் விளிம்பில் நின்றது. நான் உள்ளங்கையை வைத்து அதைச் சுவரோடு சேர்த்தேன்.