மீன்காரி ஐரீனின் தொண்டைவலி

கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கும் ஐரீனை ராயபுரத்தில் பலருக்குக் குரலால்தான் தெரியும். விடிவதற்கு முன் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு ஷேர் ஆட்டோவில் திரும்பி, தன் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் ஒரு முறை கூவினால் எதிர்ச்சாரியில் காய்கறி வாங்குபவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். தாய் செய்த தொழில் அது. அவள் கணவன் ஜெரால்ட் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கலாசியாக இருந்தான். ஒரே மகள், மாதாவின் பெயர் வைத்த ஃபாத்திமா, விம்கோ நகரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

நானும் அவர்களும் ஒரே சந்து. கோவில் அலுவலகத்தில் பதிவேடுகள் எழுதுவது என் வேலையாக இருந்தது. ஐரீனின் திருமணத்தையும், ஃபாத்திமாவின் ஞானஸ்நானத்தையும், ஜெரால்டின் அடக்கத்தையும் நான்தான் எழுதினேன். கீழே சொல்லப்போவதில் கோவிலிலும் ஆஸ்பத்திரியிலும் நடந்தவற்றை நான் நேரில் பார்த்தேன். மற்றவற்றை ஐரீனும் ஃபாத்திமாவும் பிறகு தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் முரண்பட்ட இடங்களை விட்டுவிட்டேன்.

2025ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த அடுத்த வாரத்தில் ஐரீனுக்குத் தொண்டை வலித்தது. அந்தப் பக்கத்தில் அது ஒரு செய்தியே இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நாள் முழுவதும் புகையும் புழுதியும் கிளப்பிக்கொண்டு நிற்கும் சாலை அது. எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் இன்னொரு நெடி வரும். கரகரக்காத தொண்டை யாருக்கும் கிடையாது. உப்புப் போட்ட வெந்நீரால் கொப்பளிப்பார்கள், மிளகு தட்டிப்போட்டு மஞ்சள் பால் குடிப்பார்கள், வேலைக்குப் போய்விடுவார்கள். ஐரீனும் அதைத்தான் செய்தாள். செய்ததும் இதமாக இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து வலி மறுபடியும் வந்தது.

பக்கத்துப் பலகையில் கருவாடு விற்கும் ரஹீமுன்னிசா முதலில் கவனித்தாள்.

"இன்னாடி ஐரீனு, கொரலு எங்க போச்சு? ஏலத்துல அதையும் வுட்டுட்டியா?"

"சும்மா சளிக்கா."

"சளியா? லாரிக்காரன் வுடற பொகைய நாள்முச்சூடும் முழுங்கிகினு கீறோம், சளின்றா. இந்தா சித்தரத்தை. கடிச்சிடாதே, வாயில அடக்கிக்க. காறித் துப்பிட்டு வந்து இன்னொண்ணு கேட்டினா நெத்திலியால அடிப்பேன்."

ஐரீன் சிரித்தாள். சிரித்தபோது இடப்பக்கம் சுருக்கென்று இழுத்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அன்று முதல் அவள் பயம் தொடங்கியது. ஜெரால்டுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவன் பீடி குடிப்பவன். குரல் கம்மியது, விழுங்கினால் வலித்தது. ஐரீன் அவனுக்குக் கஷாயம் வைத்தாள். பனங்கற்கண்டு, அதிமதுரம், கற்பூரவள்ளி, ஆவி பிடிப்பது என்று ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றும் அவனுக்குக் கொஞ்சம் சுகம் கொடுத்தது. சுகம் கொடுத்ததால் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்கள். அப்படி வாரம் வாரமாகப் பார்த்து, கடைசியில் மூச்சு முட்டித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கழுத்தில் துளை போட்டு ஒரு குழாயை வைத்தார்கள். அதற்குப் பிறகு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டு வீட்டில் அந்தக் குழாய் வழியே அவன் மூச்சு போய்வந்த சத்தத்தைச் சந்தில் நாங்களும் கேட்டிருக்கிறோம். துளையைத் துடைத்துச் சுத்தம் செய்தவள் ஐரீன். அந்த வியாதியின் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை. "அது" என்றுதான் சொல்வாள்.

இப்போது அவள் காலையில் கண் விழித்தால் உடனே எழுந்திருப்பதில்லை. எச்சிலை விழுங்கிப் பார்க்க வேண்டும். விழுங்கினால் தெரிந்துவிடும் என்பதால் விழுங்காமல் கொஞ்ச நேரம் கிடப்பாள். பிறகு விழுங்குவாள். வலி அதே இடத்தில், இடது தாடைக்குக் கீழே, கம்பியை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். எழுந்து அடுப்பைப் பற்றவைத்து உப்புத் தண்ணீரைக் காய்ச்சுவாள். கை அதைச் செய்யும்போதே, இதே கையால் இதே பாத்திரத்தில் ஜெரால்டுக்குக் காய்ச்சியது நினைவு வரும். அடுப்பை அணைத்துவிட்டு நின்றதும் உண்டாம். ஆனால் வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் பற்றவைப்பாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். போனால் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்ப்பார்கள். பார்த்தவர் முகம் மாறுவதை அவள் ஒரு முறை பார்த்திருக்கிறாள். இன்னொரு முறை பார்க்க அவளால் ஆகாது.

சோறு இறங்கவில்லை. கஞ்சியைக் குடித்தாள். பிறகு கஞ்சியும் ஒவ்வொரு மடக்காக நின்று நின்று போனது. உடம்பு சுட்டது. கழுத்தில் ஏதோ தடித்தது. கையால் தொட்டுப் பார்த்தாள், உடனே கையை எடுத்துவிட்டாள். முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனாள். கூவ முடியாததால் மீனைக் கையில் தூக்கிக் காட்டினாள்.

"இன்னா மீனம்மா, மீனோட சேர்ந்து நீயும் ஐஸ் பொட்டில படுத்துகினியா?" என்று வாடிக்கையாக வாங்கும் ஒருவர் கேட்டார். அதற்குத் திருப்பிக் கொடுக்காமல் ஐரீன் பேசாதிருந்ததைப் பார்த்துதான் ரஹீமுன்னிசா ஃபாத்திமாவுக்குப் போன் செய்தாள்.

ஃபாத்திமா வந்த நாள் பிப்ரவரி மூன்று, புனித பிளாசியார் திருநாள். தொண்டை நோய்க்கு அவரிடம் வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். மாலைப் பூசைக்குப் பிறகு ஒவ்வொருவரும் வரிசையில் போக, சாமியார் இரண்டு மெழுகுவர்த்திகளைப் பெருக்கல் குறிபோல வைத்துத் தொண்டையில் பொருத்தி மந்திரிப்பார். மீன்பிடிக் குடும்பங்கள் அன்றைக்குத் தவறாமல் வரும். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே ஃபாத்திமா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். ஐரீன் கோவிலுக்குத்தான் போவேன் என்றாள். மருந்தில்லாமல், யாரும் உள்ளே எட்டிப் பார்க்காமல் சரியாவதற்கு அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வழி அது.

அன்று சாமியார் பிரசங்கத்தில் பிளாசியாரின் கதையைச் சொன்னார். ஒரு பிள்ளையின் தொண்டையில் மீன்முள் மாட்டிச் சாகக் கிடந்ததாம், அவர் செபித்து வெளியே வரவழைத்தாராம். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "எங்க புள்ளைங்கள கேட்டிருந்தா முள்ள அவுங்களே எடுத்துக் குடுத்திருப்பாங்க" என்று முணுமுணுக்க, அந்த வரிசையே குலுங்கியது. சாமியாரும் சிரித்துவிட்டார்.

வரிசையில் ஐரீனின் முறை வந்தது. நான் பக்கத்தில் மெழுகுவர்த்தித் தட்டோடு நின்றிருந்தேன். அவள் முந்தானையைத் தளர்த்தினாள். சாமியார் மெழுகுவர்த்திகளை மெதுவாகத்தான் வைத்தார். இடப்பக்கத்து மெழுகுவர்த்தி பட்டதும் ஐரீன் கத்தினாள். கத்த முயன்றாள் என்று சொல்வதே சரி. அவள் குரலை முப்பது வருடங்களுக்கு மேல் கேட்டவன் நான். வெளியே வந்தது காற்றும் ஒரு கீச்சொலியும்தான். முந்தானை சரிந்தது. தாடைக்குக் கீழே கழுத்து ஒரு பக்கமாக வீங்கிச் சிவந்து பளபளத்தது. பின்னால் நின்ற ஃபாத்திமா அதைப் பார்த்துவிட்டாள்.

வெளியே, மணிக்கூண்டுக்குக் கீழே, தாயும் மகளும் சண்டை போட்டார்கள்.

"எப்பலேர்ந்தும்மா இது?"

ஐரீன் வாயில் ஊறிய எச்சிலை விழுங்க முடியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

பிரசங்கம் என் காதில் இருந்ததால் நான் கேட்டேன். "ஐரீன், முள் ஏதாவது குத்தியதா?"

அந்த நிலையிலும் அவளுக்குக் கோபம் வந்தது. "இன்னா அண்ணே நீங்க? மீன்காரி தொண்டையில முள்ளா? வெளிய சொல்லாதீங்க, மார்க்கெட்டே சிரிக்கும்."

"குத்துச்சா இல்லியா, அத்த சொல்லு" என்றாள் ஃபாத்திமா.

"எப்பவாச்சும் குத்தும். பொங்கலு முடிஞ்சி ஒருநா முள்ளுவாளை துன்னேன். அவசரத்துல ஒண்ணு குத்துச்சு. சோத்த உருட்டி நாலு உருண்டை முழுங்கினேன், போயிடுச்சு. அத்தோட முடிஞ்சிது."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது இதுதான். முள் குத்தினால் வெறும் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்க வேண்டும். பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக்கொடுப்பார்கள். பெரும்பாலும் முள் போய்விடும். போகாவிட்டால் அந்தச் சோறு முள்ளை இன்னும் ஆழமாக அடித்து இறக்கிவிடும் என்பது அன்றைக்கு எனக்கும் தெரியாது.

"வாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளிக்கிப் பாக்கலாம்டி. உப்புத் தண்ணில கொப்பளிச்சா வலி கொஞ்சம் கொறையுது."

"நைனாவுக்கும் இதான் சொன்ன நீ."

ஃபாத்திமா சொன்னதும் அவளே பயந்துபோய் வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஐரீன் மகளை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்தாள்.

"அதாண்டி இது," என்றாள் ஐரீன், மிக மெதுவாக. "எனக்குத் தெரியும். அதுதான். எனக்கும் ஓட்டை போடுவாங்க. வோணாம்டி. என்ன இப்படியே வுட்டுடு."

ஃபாத்திமா அவளோடு வாதாடவில்லை. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினாள். நான் ஆட்டோவை நிறுத்தினேன். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுவதும் ஐரீன் மகளின் தோளில் சாய்ந்து வாயை இறுக்கி மூடியிருந்தாள். பாலத்துக்கடியில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நின்றபோது, அவள் மூச்சில் ஒரு சீழ்க்கைச் சத்தம் கேட்டது. ஃபாத்திமா என்னைப் பார்த்தாள். ஜெரால்டின் வீட்டிலிருந்து கேட்ட சத்தம் எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது.

தொண்டைப் பிரிவில் இருந்த டாக்டர் பெண், வயது அதிகமில்லை. வாயைத் திறக்கச் சொன்னாள். ஐரீன் திறக்கவில்லை. திறக்கவும் முடியவில்லை, தாடை இறுகியிருந்தது. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். ஃபாத்திமா டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் மாறியது. ஐரீனும் அதைக் கண்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க, சீக்கிரம். ஸ்ட்ரெச்சர்லயே கூட்டிட்டுப் போங்க."

எக்ஸ்ரே வந்தபோது டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டாள். மெல்லிய கோடு ஒன்றைக் காட்டினாள். முள் உள்ளே சதையில் ஏறியிருக்கிறது, சுற்றிலும் சீழ் கட்டியிருக்கிறது, அது மூச்சுக்குழாயை அழுத்துகிறது என்றாள்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நெஞ்சுக்குள்ள இறங்கியிருக்கும். அப்புறம் நாங்க பார்த்தும் பிரயோஜனம் இல்ல. இப்பவே ஆபரேஷன் பண்ணணும். மூச்சுக்கு வழி கிடைக்கலேன்னா கழுத்துல துளை போட வேண்டி வரலாம். கையெழுத்துப் போடுங்க."

ஃபாத்திமா பேனாவைப் பிடித்தபடி நின்றாள். "அந்த ஓட்டை மட்டும் வோணாம் டாக்டர்," என்றாள். "அம்மா அத்துக்குதான் பயந்துகினு இருந்தாங்க."

"முடிஞ்சவரைக்கும் பார்க்கிறோம். உயிர் முக்கியம்மா."

ஃபாத்திமா கையெழுத்திட்டாள். உள்ளே கொண்டுபோகும்போது அம்மாவிடம் முள்தான் என்று காதோரம் சொன்னாள். ஐரீன் நம்பவில்லை. சாகப்போகிறவளுக்குச் சொல்லும் பொய் என்று நினைத்தாளாம். ஜெரால்டிடம் அவளும் அப்படித்தான் சளி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். ரஹீமுன்னிசா கருவாட்டு வாடையோடு வந்து சேர்ந்தாள். "நான்தான் சித்தரத்தை குடுத்து அவள ஒக்கார வச்சேன்" என்று அழுதாள். கதவு திறந்த ஒவ்வொரு முறையும் மூவரும் எழுந்து நின்றோம், வந்தது வேறு யாராவதாக இருந்தது. கடைசியில் டாக்டர் வந்து, முள்ளை எடுத்தாயிற்று, சீழை வடித்தாயிற்று, துளை போடவில்லை என்றாள். ஃபாத்திமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சில நாட்களில் காய்ச்சல் விட்டது. மூக்கில் போட்டிருந்த உணவுக் குழாயை எடுத்தார்கள். ஐரீன் அதிகம் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் அவள் பேசியிருக்க மாட்டாள். கைக்கண்ணாடியில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் தையல் இருந்தது, ஓட்டை இல்லை. அப்போதும் அவளுக்கு நிம்மதி வரவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் நாக்கைத் துணியால் பிடித்து, சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"ஆறிடுச்சு. சுத்தமா இருக்கு. வீட்டுக்குப் போலாம்."

ஐரீன் எழுந்திருக்கவில்லை. "அது?" என்றாள்.

"எதும்மா?"

ஐரீன் மகளைப் பார்த்தாள்.

"எங்க நைனா தொண்டையில புத்து வந்துதான் செத்தாரு," என்றாள் ஃபாத்திமா. "அதான் கேக்குறாங்க."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "அப்படி ஒண்ணும் இல்லம்மா. ஆபரேஷன் அன்னிக்கே முழுசா பார்த்தோம். முள்ளு, அதனால வந்த சீழு, அவ்வளவுதான்."

"இன்னொரு தபா பாருங்க."

"யம்மா, இப்பதான பாத்தாங்க," என்றாள் ஃபாத்திமா. "வெளிய எத்தினி பேரு நிக்கிறாங்க பாரு."

"நிக்கட்டும்டி. நீ சும்மா இரு."

டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் ஆவி படியாதபடி அதை மறுபடியும் விளக்கில் சூடாக்கித் துடைத்தாள். அவள் சொல்வதற்கு முன்பே ஐரீன் தலையை நிமிர்த்தி, வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து, நாக்கை வெளியே நீட்டினாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.