அண்ணன் கை நனைக்கும் வரை

என் அப்பா ராஜப்பன் 1988 ஆகஸ்டில் இறந்தார். கடைசி ஐந்து வருடம் அவர் சபையில் திருவிருந்து, அந்த அப்பமும் திராட்சரசமும், எடுக்கவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் பேசினார்கள். "நல்ல மனுசன்தான். ஆனா விசுவாசத்துல ஆறிப்போயிட்டாரு."

யார் ஆறிப்போனது என்று எழுதிவைக்கிறேன். நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். தர்மபுரியில் கால்வாய்களுக்கு வரைபடம் போடுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது.

எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்குப் பக்கம். அப்பாவுக்கும் அவர் அண்ணன் மாசிலாமணிக்கும் ஒரே கிணறு. ஆளுக்கொரு மோட்டார், ஆளுக்கொரு நாள் முறை. 83 கோடையில் கிணற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். பெரியப்பா எங்கள் முறையிலும் மோட்டார் ஓட்டினார். அப்பா சொல்லிப் பார்த்தார். மறுபடியும் ஓடியது. அப்பா கடப்பாறையை எடுத்துப் போய்ப் பெரியப்பாவின் மோட்டார் ஸ்டார்ட்டரை அடித்து உடைத்தார்.

மறுநாளே அதைத் தோளில் சுமந்து பஸ் ஏறிச் சேலத்துக்குப் போனார். சரிசெய்து கொண்டுவந்து அவரே மாட்டப் பத்து நாள் ஆனது. அதற்குள் பெரியப்பாவின் தக்காளி செடியோடு கருகிவிட்டது.

அப்பா போய் மன்னிப்புக் கேட்டார். பெரியப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கு யாரு மேலயும் ஒண்ணுமில்லடா. போ."

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. அக்கா கல்யாணத்துக்கு வந்தார். சபை மூப்பர் என்பதால் மணமக்களை வாழ்த்தி நீளமாக ஜெபம் செய்தார். பந்தி போட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் பகை தீர்ந்ததா என்று அறிய வேறு சாட்சி தேவையில்லை. வந்து சாப்பிட்டால் தீர்ந்தது. சாப்பிடாவிட்டால், வாயால் என்ன சொன்னாலும் தீரவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பா வருவார், பாடுவார், பிரசங்கம் கேட்பார். போதகர் மேசைக்குப் போனதும் எழுந்து வெளியே போய் மதில் ஓரம் நிற்பார். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனத்தை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அப்பா அதைச் செய்யவேண்டிய வேலையாக எடுத்துக்கொண்டார்.

போதகர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். "ராஜப்பா, நீங்க ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணிட்டீங்க. அது போதுமே."

"ஆண்டவரோட தக்காளியா ஐயா காஞ்சுது? எங்கண்ணனோடதுங்க."

"அவருதான் மனசுல ஒண்ணுமில்லைங்கறாரே."

"வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புடட்டும். அந்த வாரமே மேசைக்கு வரேன்."

ஒவ்வொரு மாதமும் ஆராதனை முடிந்ததும் பெரியப்பாவிடம் போவார். "அண்ணா, மதியம் வூட்டுக்கு வாங்க." பதில் எப்போதும் ஒன்றுதான். "பாக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏம்பா இப்படிப் போய்ப் பிச்சை கேக்கறீங்க? முறை தப்பி மோட்டார் ஓட்டினது அவருதானே?"

"அதை அவரு பாத்துக்கட்டும். உடைச்சது நான், கண்ணு. உடைச்சவன்தான் நடக்கணும்."

87இல் எங்கள் சபையில், ஆறிப்போன விசுவாசத்தை மறுபடி மூட்டுகிற எழுப்புதல் கூட்டம் நடந்தது. மூன்று நாள், பெரிய பந்தல், வெளியூர்ப் பிரசங்கியார். ஏற்பாடு எல்லாம் பெரியப்பா. இந்தச் சபை சாம்பலாகிவிட்டது, ஊதினால் ஒரு பொறியும் பறக்காது என்று பிரசங்கியார் கண்ணீரோடு சொன்னார். ஜனம் முழங்காலில் விழுந்தது. கடைசி நாள் பெரியப்பா மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னார். "எனக்குள்ள இருந்த கசப்பு பூரா வெந்துபோச்சு. இந்த உலகத்துல எனக்குப் பகையாளின்னு ஒருத்தரும் இல்லீங்க."

அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார். "ரொம்ப சந்தோசங்க அண்ணா. நாளைக்கு மதியம் வூட்டுக்கு வந்துருங்க. கோழி அடிக்கறேன்."

சிலர் சிரித்தார்கள். பெரியப்பா மைக்கைப் பார்த்தார். "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

தொண்டர்கள் அப்பாவின் தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். பிரசங்கியார் இறங்கி வந்து அவர் தலையில் கை வைத்து, கசப்பின் ஆவியே வெளியே போ என்று அதட்டினார். அப்பா தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். கூட்டம் அல்லேலூயா என்றது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் அதை மன்னிக்கவில்லை.

மறுநாள் அப்பா கோழி அடித்தார். வெயில் தாழும்வரை யாரும் தொடவில்லை.

"அந்தக் கோழி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் அம்மா. பிறகு எங்களுக்குப் போட்டாள்.

பந்தலில் அத்தனை தீ எரிந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு வரப்பு. தீ அதைத் தாண்டவில்லை.

அடுத்த வருடம் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அவர் கேட்டது திருவிருந்து ஒன்றைத்தான். போதகர் அப்பமும் திராட்சரசமும் வைத்த சின்னப் பெட்டியோடு வந்தார். அப்பா கண்ணைத் திறந்து, "அண்ணன் வந்தாரா?" என்றார்.

"மொதல்ல இதை வாங்கிக்கங்க ராஜப்பா."

"அவரு வரட்டும்."

நான் வரப்பில் ஓடினேன். பெரியப்பா வீட்டில் எழுப்புதலுக்காக உபவாச ஜெபம். கூடம் நிறைய ஆட்கள். நான் வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"பெரியப்பா, அப்பாவுக்கு முடியல. நம்ம வூட்டுல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. அவரு பாத்தாப் போதும்."

அவர் எழுந்திருக்கவில்லை. "உபவாசத்துல இருக்கறேன் பாப்பா. சொட்டுத் தண்ணி வாயில படக்கூடாது. சாயங்காலம் முடிச்சுட்டு வரேன்."

நான் திரும்பி வந்து அப்படியே சொன்னேன். போதகர் மறுபடியும் கெஞ்சினார். அப்பா உதட்டைத் திறக்கவில்லை. பிற்பகலில் மூச்சு நின்றது. போதகர் பெட்டியை மூடினார். பெரியப்பா சொன்னபடி சாயங்காலம் வந்தார்.

குழி ஓரத்தில் அவர் இரண்டு கையையும் உயர்த்தி, "இந்த அருமைச் சகோதரனை" என்று ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க பெரியப்பா," என்றேன். "மண்ணு போடுங்க. அது போதும்."

பொம்பளைப் பிள்ளை குழிமேட்டில் வாய் திறக்கலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பெரியப்பா மண் போட்டார். வீட்டில் எல்லோருக்கும் சோறு போட்டோம். அவர் அன்றும் கை நனைக்கவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு நான் கோயிலுக்குப் போனேன். போதகர் மேசைக்குப் போனார். பெரியப்பா முதல் வரிசையில் முழங்காலில் நின்றார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நான் அந்த அப்பத்தை விழுங்க முடியாது. விழுங்கினால் அது பொய். எழுந்து வெளியே போய் அப்பா நின்ற இடத்தில் நின்றேன். உள்ளே பேசுவது அங்கே ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது. ஆறிப்போனவர் யாரும் அங்கே ஐந்து வருடம் நின்றிருக்க மாட்டார்.

ஆராதனை முடிந்து பெரியப்பா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன பாப்பா, உங்கப்பன் வியாதி உனக்கும் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க. மதியம் வூட்டுக்கு வாங்க. அம்மா சோறாக்கி வெச்சிருக்குது."

"இன்னிக்கு கமிட்டி இருக்குது."

அன்பினால் கூப்பிட்டேன் என்று சொல்லமாட்டேன். கோபத்தில்தான் கூப்பிட்டேன். ஆனால் அவர் வந்திருந்தால் இலை போட்டிருப்பேன், அதுவும் உண்மை. எழுப்புதலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை அப்பாவிடம் கற்றேன்.

மாதாமாதம் கேட்கிறேன். கொஞ்ச நாளாக அவர் கோயில் முன்வாசல் வழியாக வெளியே வருவதில்லை. பக்கவாசலால் போய்விடுகிறார். போன முதல் ஞாயிறு நான் பக்கவாசலில் போய் நின்றேன்.