கண்மாய்க்கரைப் பனிவண்டி

போன குளிர்காலத்தில் வேலை விஷயமாகக் கனடா போயிருந்தபோது மாமா என்னைத் தன் கேபினுக்கு அழைத்துப் போனார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தன் கேபின் என்று அவர் சொல்லிக்கொள்வாரே தவிர அது வாடகைதான். அவரும் தொழிற்சாலை நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து வருஷாவருஷம் எடுப்பது. கடை, வீடு, கரண்டுக் கம்பம் எல்லாம் முடிந்துபோன பிறகும் ஒரு மணி நேரம் காரில் போக வேண்டும். கடைசியில் இறுகி உறைந்த ஏரி, அதன் கரையில் ஒரு மரவீடு, வாசலில் ஐந்து பனிவண்டிகள். முன்னால் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர்ப் பட்டை வைத்த பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே ஒன்றை எடுத்து ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நிறுத்தினேன். நண்பர்களுக்கு ஆச்சரியம். பயமாக இல்லையா, முதல் தடவைதானே என்று கேட்டார்கள். இல்லை, பத்து வயதிலேயே மதுரையில் பனிவண்டி ஏறியிருக்கிறேன் என்றேன். அவர்களுக்கு மதுரை எங்கே இருக்கிறது என்று தெரியும். மாமா போகிற வருகிற இடமெல்லாம் ஊர்ப் பெருமை பேசுகிறவர். ஆகவே விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்காமல், அவள் சொல்வது உண்மை, வண்டியை ஏற்பாடு செய்ததே நான்தான் என்றார்.

அப்போது நாங்கள் கே.கே. நகரில் குடியிருந்தோம். அம்மாவுக்குத் தாலுகா ஆபீசில் வேலை. கஞ்சி போட்ட காட்டன் சேலையில், மடிப்புக் கலையாமல் போய் மடிப்புக் கலையாமல் திரும்பி வருகிறவர். செருப்பில் ஒட்டிய மண்ணோடு நான் வாசல் தாண்டினால் வீடு ரெண்டாகிவிடும். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில்தான் அம்மாவும் மாமாவும் பிறந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் தாத்தா, அம்மாச்சி ரெண்டு பேரும் போன பிறகு அம்மா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மாமா கனடாவிலிருந்தபடியே அந்த ஊரில் கண்மாயை ஒட்டி ஒரு வயல் வாங்கிவிட்டார் என்று சேதி வந்த அன்றைக்கு அம்மா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஊர் ஒலகத்துல வேற எடமே கெடைக்கலையாடா ஒனக்கு?"

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் போன் பண்ணினால் அம்மா எடுக்கவில்லை.

அந்த வருஷம்தான் மாமா எனக்கு மெயிலில் ஒரு போட்டோ அனுப்பினார். வெள்ளை வெளேரென்ற ஏரி, மரவீடு, ஹெல்மெட்டும் பெரிய கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வண்டி மேல் மாமா. பிரவுசிங் சென்டரில் கலர் பிரிண்ட் எடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். எனக்கு அளந்துவிடச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் பீரியடில் அது மாமாவின் வண்டி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாமாவிடம் அதைப் போல மூன்று வண்டிகள் இருந்தன. கடைசி மணி அடிப்பதற்குள், அரையாண்டு லீவில் மாமா ஒரு வண்டியை மதுரைக்கே கொண்டுவரப் போகிறார், நான் ஓட்டப் போகிறேன் என்று சொல்லி முடித்திருந்தேன்.

ரிஸ்வானாதான் பிடித்துக்கொண்டாள். அவள் வகுப்பு லீடர். யார் பேசினாலும் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிடுவாள், உயிர்த்தோழி என்று எனக்கும் சலுகை கிடையாது. "நானும் வாரேன். கண்ணால பாத்தாத்தான் நம்புவேன். இல்லேன்னா ஸ்கூல் தொறந்த அன்னைக்கு எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு, நான் சொன்னது பொய்னு நீ சொல்லணும்" என்றாள். எங்கள் கூட்டத்தில் மூன்றாவது ஆள் ஷர்மிளா. அவள் எதற்கும் தலையாட்டுவாள், அதற்கும் ஆட்டினாள்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமாவின் போன் வந்ததும் அழுதே விட்டேன். மாமா முழுக்கக் கேட்டார்.

"அம்புட்டுதானா மருமகளே? லீவுக்கு நான் வாரேன். கண்மாய்க் கரையில நமக்கும் இப்ப ஒரு ரூம் இருக்கு. வண்டியும் வரும். ஒன் கூட்டாளிகளையும் கூட்டிட்டு வா. ஆனா ஒன்னு, உங்கம்மா வந்தாத்தான் வண்டி."

அம்மா முடியாது என்றார். ஆபீசில் லீவு தரமாட்டார்கள் என்றார். மோட்டார் ரூமில் மனுஷர் படுப்பார்களா என்றார். நான் ஒரு வேளை பட்டினி கிடந்து பார்த்தேன், மசியவில்லை. கடைசியில் ரிஸ்வானாவின் அம்மாவும் ஷர்மிளாவின் அம்மாவும் அடுத்தடுத்து போன் பண்ணி, "நீங்க கூடப் போறீங்கன்னா தைரியமா அனுப்புறோம்க்கா" என்று சொன்னபோது அம்மா மாட்டிக்கொண்டார். என் மானம் போகக்கூடாது என்று ஒத்துக்கொண்டார் என்றுதான் அன்று நினைத்தேன்.

அந்த வருஷம் மழை பிந்திப் பெய்து, கண்மாய் நிறையக் கார்த்திகைக் கடைசி ஆகிவிட்டது. நாங்கள் போய் இறங்கியபோது மறுகரை கண்ணுக்கு எட்டாமல் தண்ணீர் கிடந்தது. கரையை ஒட்டி வயல், வயலின் மூலையில் மோட்டார் ரூம். மாமா அதற்குச் சுண்ணாம்பு அடித்து, கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்து, உள்ளே புதுப்பாய் நாலு விரித்து வைத்திருந்தார். மார்கழிக் குளிருக்குக் கனடாவில் வாங்கிய தடித்த ஜாக்கெட்டையும் கம்பளிக் குல்லாவையும் போட்டுக்கொண்டு வியர்வை வழிய நின்றார். ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏரி, சரி. வீடு, சரின்னு வச்சுக்குவோம்" என்றாள் ரிஸ்வானா, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "வண்டி எங்க மாமா?"

"காலையில வரும்."

அன்று பூராவும் வண்டியைத் தேடிக்கொண்டே இருந்தேன். மோட்டார் ரூமை நாலு தடவை சுற்றி வந்தேன். சிமெண்டுச் சாக்கு, மண்வெட்டி, ஒரு நீளமான பலகை, கயிற்றுச் சுருள். வண்டிக்கு உண்டான ஒரு நட்டு போல்ட் கூட இல்லை. அம்மா வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, வயலுக்கு முதுகு காட்டிக் கண்மாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சேலை மடிப்பு அப்படியே இருந்தது.

காலையில் டிராக்டர் சத்தம் கேட்டுத்தான் எழுந்தோம். இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர் உழுது கலக்கிய வயலில் இறங்கி நின்றது. சேற்றுக்கு மேல் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். மாமா அந்த நீளமான பலகையைத் தூக்கி வந்து கயிற்றால் டிராக்டரின் பின்னால் கட்டினார். அதற்குப் பெயர் பரம்புப் பலகை. நாற்று நடுவதற்கு முன்னால் சேற்றை மேடு பள்ளம் இல்லாமல் சமமாக்க அதை இழுப்பார்கள். பலகை சேற்றில் அழுந்தி நகர வேண்டும் என்பதற்காக அதன் மேல் ஆளை ஏற்றுவது வழக்கம். பாரத்துக்கு ஆள். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. என் மானம் கப்பலேறிவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. ரிஸ்வானாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் மாமா பையைத் திறந்தார். உள்ளே மூன்று கறுப்புக் கண்ணாடிகள், போட்டோவில் அவர் போட்டிருந்த அதே கண்ணாடி. மூன்று பேருக்கும் மாட்டிவிட்டு, பலகை மேல் வரிசையாக உட்கார வைத்து, எங்களுக்குப் பின்னால் ஏறி நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"போலாம்ண்ணே!"

டிரைவர் அண்ணன் வண்டியை எடுத்தார். பலகை ஒரு குலுக்குக் குலுக்கி வழுக்க ஆரம்பித்தது. ரெண்டு பக்கமும் சேற்றுத் தண்ணீர் விசிறி அடித்தது. வரப்பு ஓடியது, கொக்குகள் எழுந்து பறந்தன, ஷர்மிளா அம்மா அம்மா என்று கத்தினாள். எதிலும் அசராத ரிஸ்வானா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. திருப்பத்தில் பலகை ஒருச்சாய்ந்து வழுக்கிப்போய் நேரானபோது மூன்று பேருக்கும் கண்ணாடியைத் தவிர உடம்பெல்லாம் சேறு. மூன்று ரவுண்டு போனோம். நாலாவது ரவுண்டு கேட்டதே ரிஸ்வானாதான்.

"பனி மட்டுந்தான் இல்ல" என்று கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "மத்தபடி எல்லாம் நெசந்தான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நிமிஷம் மதுரை ஜில்லாவிலேயே என்னை விடப் பெரிய ஆள் கிடையாது.

அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு ரொம்ப நாள் வருத்தப்பட்டேன். ஏனென்றால் மாமா டிராக்டரை அம்மா நின்ற வரப்புக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். எங்களை இறக்கிவிட்டார். அவரும் இறங்கினார். பலகை காலியாகக் கிடந்தது.

"அக்கா, வா. ஏறு."

"போடா கிறுக்கா. பிள்ளைகளைக் கழுவிவிடு."

"ஏறுக்கா."

அம்மா அசையவில்லை. மாமாவும் அசையவில்லை. டிரைவர் அண்ணன் அந்த ஊர்க்காரர்; எங்கள் தாத்தாவை அறிந்தவர். அவர் என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஏறு தாயி. ஒங்க வயலு. யாரு கேக்கப் போறா?" என்றார்.

அம்மா செருப்பைக் கழற்றினார். கஞ்சி மடிப்புச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகினார். சேற்றில் இறங்கி நடந்துபோய்ப் பலகையின் நட்டநடுவில் உட்கார்ந்தார். நான் என் கண்ணாடியை நீட்டினேன், வேண்டாம் என்றுவிட்டார். டிராக்டர் கிளம்பியது.

அம்மா கத்தவில்லை. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, கயிற்றை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வயலை முழுசாக மூன்று சுற்று சுற்றினார். முகமெல்லாம் சேறு. மூன்றாவது சுற்றில் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சேற்றில் ரெண்டு கோடு போட்டது. வரப்பில் ஊர் கூடி நின்றது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ரிஸ்வானாவின் அம்மா இப்படிச் செய்வாரா? ஷர்மிளாவின் அம்மா செய்வாரா? இறங்கி வந்தவரிடம், "கண்ணாடி போட்டுக்கச் சொன்னேன்ல, பாரு, கண்ணுல சேறு விழுந்துருச்சு" என்று எரிந்து விழுந்தேன். மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்று நினைத்தேன்.

பள்ளி திறந்த அன்று ரிஸ்வானாவே எழுந்து நின்று வகுப்புக்குச் சாட்சி சொன்னாள். நானும் என் பங்குக்குச் சொன்னேன். ஏரி, வீடு, வண்டி, கண்ணாடி எல்லாம் சொன்னேன். அம்மா ஏறியதை மட்டும் விட்டுவிட்டேன்.

போன குளிர்காலத்தில், நண்பர்கள் வண்டிகளை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போன பிறகு, மாமா கேபின் அடுப்பில் விறகு வைத்தபடி மீதியைச் சொன்னார். அந்த வயல் முன்பு ஊர்ப் பெரிய வீட்டுக்காரருடையது. தாத்தாவும் அம்மாச்சியும் அதில் கூலிக்குப் பாடுபட்டவர்கள். அரையாண்டு லீவில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் டவுனிலிருந்து வந்து பரம்பில் உட்கார, தாத்தாதான் மாடு ஓட்டுவார். பத்து வயது அம்மா தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் நிற்பார். ஒரு நாள் பிள்ளைகள் இறங்கிப்போனதும் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து பலகையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பிடித்துத் தூக்கி இறக்கிவிட்டது தாத்தாவேதான். ஐந்து வயது மாமா வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயல் விலைக்கு வந்தபோது வேறு எதையும் யோசிக்கவில்லை என்றார். ஆனால் வாங்கின வயலுக்கு அக்காவை எப்படி வரவழைப்பது என்பதுதான் அவருக்குப் புரியாமல் இருந்ததாம்.

"நல்ல வேளை, நீ கிளாஸ்ல பொய் சொன்ன" என்றார்.

மறுநாள் ரிஸ்வானாவைப் போனில் பிடித்துச் சொன்னேன். இப்போது அவள் திருமங்கலத்தில் டாக்டர். பேச்சில் அதே லீடர் மிடுக்கு. கேட்டு முடித்துவிட்டு, "எனக்கு அந்த லீவுல நல்லா ஞாபகம் இருக்கிறதே உங்கம்மா ஏறினதுதான்டி. என்னா ஒரு கம்பீரம்! நீ ஏன் அதைக் கிளாஸ்ல சொல்லவே இல்ல?" என்றாள்.

ஆகவே, இத்தனை வருஷம் கழித்து எழுந்து நின்று எல்லார் முன்னாடியும் சொல்கிறேன். அன்றைக்கு அந்த வயலில் கடைசியாக ஏறியது என் அம்மா. மூன்று ரவுண்டு போனார், கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை.