பைண்டர் மனைவிக்குப் படித்துக் காட்டிய நாவல்

எங்கள் அச்சகத்து பைண்டருக்கு வாய் நீளம், பொறுமை குறைவு. அவர் மனசாரப் புகழ்ந்து நான் கேட்டது ஒரே ஒரு ஆளைத்தான்: தலையும் வாலும் இல்லாமல் நாவல் எழுதும் ஓர் எழுத்தாளரை. அந்த ஆளின் கதையில் செத்தவர்கள் அடுத்த அத்தியாயத்தில் வந்து காபி கேட்பார்கள். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை இருக்காது. பிழை திருத்துகிற எனக்கு மண்டை காய்ந்துபோகும். பைண்டரின் மனைவிக்கோ அவர் எழுத்து என்றால் உயிர்.

அந்த அம்மா படுத்த படுக்கையாகி, டாக்டரும் கையை விரித்துவிட்டார். பைண்டர் வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடுவார். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, அந்த எழுத்தாளரின் புது நாவலைப் படித்துக் காட்டுவார். அதில் தையல்காரி ஒருத்தி பாதியிலேயே செத்துப்போகிறாள். "அவ எப்ப வருவா?" என்பதுதான் அந்த அம்மாவின் அன்றாடக் கேள்வி. தான் பிழைப்போமா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. இதைத்தான் கேட்டார்.

பதினாறு பக்கம் சேர்ந்த மடிப்பை நாங்கள் பாரம் என்போம். பைண்டர் கொண்டுபோன பிரதியில் ஒரு பாரம் இரண்டு முறை சேர்ந்து, கடைசிப் பாரம் விட்டுப்போயிருந்தது. அடுக்கியது சாட்சாத் அவரேதான். கூத்து என்னவென்றால், படித்த பக்கங்களையே மறுபடி படித்தபோதும் இருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த ஆள் அப்படித்தான் எழுதுவார் என்று ரசித்துச் சிரித்திருக்கிறார்கள். பாதி வாக்கியத்தில் புத்தகம் நின்றபோதுதான் பைண்டருக்கு உறைத்தது.

மறுநாள் நல்ல பிரதி ஒன்றை உருவி, பசை வாளிக்குப் பக்கத்தில் நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. தையல்காரி வரவில்லை. அந்த எழுத்தாளரின் நாவல்களில் செத்துத் திரும்பி வராத ஒரே ஆள் அவள்தான். எனக்கு அது முன்பே தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அன்று மாலை அந்தப் பிரதியைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு பைண்டர் சொந்தமாகக் கதை விட்டிருக்கிறார். தையல்காரிக்குப் புது வைத்தியம் பலித்ததாம். தெம்பாக வீடு திரும்பி, மெஷினைத் துடைத்து, விட்ட இடத்திலிருந்து தைக்க உட்கார்ந்தாளாம். மனைவி கண்ணை மூடிக் கேட்டிருக்கிறார்.

"எல்லாம் நல்லாப் புரியுது. அப்ப இது அவர் எழுதினது இல்ல. அதுல இருக்கறதப் படிங்க."

படித்தார். நிறுத்தி நிறுத்திப் படித்தார். முடிந்ததும் அந்த அம்மா புத்தகத்தை வாங்கி, இன்னும் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். பைண்டருக்குத் தாங்கவில்லை.

"அடுத்த நாவல்ல வந்துடுவா, வேணும்னா பாரு. இந்த ஆள நம்பவே முடியாது."

"அடுத்தது எப்ப வரும்?"

ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே வருஷக்கணக்கில் ஆக்குகிற மனுஷன் அவர். அது அந்த அம்மாவுக்கும் தெரியும்.

"அடுத்த மாசமே," என்றார் பைண்டர்.