ஐந்தருவியில் கண்மூடிய நேரம்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. சாரல் காலத்தில் ஐந்தருவியில் குளித்துவிட்டு, நல்ல பசியோடு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். எங்கே போனாலும் ஜெபித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று அவளைப் பழக்குவதில் நான் பிடிவாதக்காரி.

“ஏட்டி, கண்ண மூடு” என்று அதட்டினேன்.

சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் ஜெபம் கொஞ்சம் நீண்டது. “ஆண்டவரே, ஆகாரம் இல்லாதவர்களுக்கும் கொடுத்தருளும்” என்று சொல்லி, அதற்குப் பிறகும் நீட்டினேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் பொட்டலம் இல்லை. எதிர்ப்பாறையில் ஒரு குரங்கு, வயிற்றில் குட்டி தொங்க, எங்கள் இட்லியைத் தின்றுகொண்டிருந்தது.

“நாசமாப் போற சனியனே!” என்று செருப்பைக் கழற்றி ஓங்கினேன். மகள் ஈரக் கையால் என் கையைப் பிடித்தாள்.

“அடிக்காதம்மா. நாந்தான் குடுத்தேன்.”

“ஏம்ட்டி குடுத்த?”

“இல்லாதவங்களுக்கும் குடும்னு நீதான கேட்ட? கேட்ட ஒடனே அது வந்துட்டும்மா.”

கழற்றிய செருப்பைத் திரும்பக் காலில் மாட்டவே வெட்கமாக இருந்தது.

இப்போது அவள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். சாரல் விழுந்தால் அந்த ஈரக் கைதான் நினைவுக்கு வரும். சாப்பிடும் முன் இன்றும் கண்மூடித்தான் ஜெபிக்கிறேன். அந்த ஒரு வரி வரும்போது மட்டும் கண்ணைத் திறந்து, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்.