ஹஸார்ட் லைட்டில் ஒரு நன்றி

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில். கணவரின் வேலைக்காக அங்கே போனோம். சில வருடங்கள் கழித்து அதே வேலை எங்களை டெக்சஸின் ரவுண்ட் ராக்கில் கொண்டுவந்து போட்டது. இங்கே கண்ணுக்கெட்டியவரை சமதரைதான். அங்கேயோ எந்தத் தெருவில் திரும்பினாலும், உச்சியைக் கத்தியால் சீவிவிட்ட மாதிரி ஒரு மலை நிற்கும். சில நாள் அதன்மேல் மேகம், வேட்டி காயப்போட்டதுபோல் தொங்கும். கடை வாசலில், நிறுத்திய கார்களைக் காவல் காக்கும் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி நம்மை ரிவர்ஸ் எடுக்கவைப்பார். ஒரு தடவை கடற்கரைச் சாலையில் பபூன் குரங்கொன்று எங்கள் கார்மேல் ஏறி உட்கார்ந்து, எங்கள் வாழைப்பழத்தையே நிதானமாக உரித்துத் தின்றது. நான் அலறினேன். இவர் போட்டோ எடுத்தார்.

எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது வேறு. ஊருக்கு வெளியே குறுகலான சாலையில், மெதுவாகப் போகிற வண்டி ஓரம் ஒதுங்கி வழிவிடும். முந்திப்போகிறவர், வண்டி பழுதானால் போடுகிற அந்த ஹஸார்ட் லைட்டை இரண்டு முறை சிமிட்டி நன்றி சொல்வார். வழிவிட்டவர் முன்விளக்கைச் சிமிட்டிப் பதில் சொல்வார். முகம் தெரியாதவர்களுக்குள் எவ்வளவு மரியாதை! எனக்கும் அது கைப்பழக்கமாகிவிட்டது.

ரவுண்ட் ராக்கில் என் கேப் டவுன் லைசென்ஸ் செல்லாக்காசு. கார் ஓட்டாமல் இங்கே கறிவேப்பிலைகூட வாங்க முடியாது. எதற்கும் இவருடைய மீட்டிங் முடியக் காத்திருக்க வேண்டும். எனக்கு வெறுத்துப்போயிருந்தது. இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும்; முதல் டெஸ்டில் பழைய ஞாபகத்தில் இடப்பக்கத்துக்கே திரும்பி நின்று ஃபெயில் ஆனேன்.

இரண்டாவது டெஸ்டுக்குப் போகும்போது இவர் சொன்னார்: "யாருக்கும் ஹஸார்ட் போட்டு தேங்க்ஸ் சொல்லிட்டு இருக்காத. இங்க அதெல்லாம் யாருக்கும் புரியாது. ஒழுங்கா பாஸ் பண்ணிட்டு வா."

பாதி வழியில் ஒரு பிக்கப் ட்ரக் நின்று என்னை லேனுக்குள் விட்டது. விரல் என்னைக் கேட்காமலே பட்டனை அழுத்திவிட்டது. பக்கத்தில் இருந்த டெஸ்ட் அதிகாரி அம்மாள், காரில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். நன்றி சொன்னேன், நான் ஓட்டக் கற்ற ஊரில் அப்படித்தான் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். போச்சு, இன்னொரு மாதம் வீட்டுச் சிறை என்று நினைத்துக்கொண்டே மீதியை ஓட்டினேன்.

திரும்பி வந்து நிறுத்தியதும், பாஸ் என்றார். நல்ல பழக்கம்தான், ஆனால் டெஸ்டில் வேண்டாம் என்றும் சொன்னார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வெளியே காத்திருந்த இவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நானே ஓட்டினேன். பார்க்கிங் லாட் வாசலில் யாரோ ஒருவர் காரை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். நான் நல்ல பிள்ளையாக ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். பக்கத்து சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு பட்டனை அழுத்தியது. இரண்டு சிமிட்டல்.

"இங்க யாருக்கும் புரியாதுன்னீங்க?"

"புரியலைன்னா என்ன? நாம சொல்லிட்டோம்ல" என்றார்.