அக்காவின் மீன் சாஸை ஏன் கொட்டினேன்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்த முதலாண்டு இது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய அனைவருக்கும் வணக்கம்.

கோவளத்தில் பிறந்த அக்கா முடிச்சூரில் வாழ்க்கைப்பட்டார். பெருவெள்ளத்தில் வீட்டிலிருந்தவை எல்லாம் போயின. அடுத்து மாமாவும் தவறினார். யாரும் வாங்காமல் கோழித் தீவனத்துக்குப் போகும் காரப்பொடி மீனில் சாஸ் செய்துதான் அக்கா பிழைத்தார். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு போட்டு, டிரம்மில் மாதக்கணக்கில் ஊறவிடுவார். அந்த அளவில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

"ஐஸ் இல்லாம கொண்டாந்தியா? அப்டியே திருப்பிக்கினு போ. உன் பொண்டாட்டி கையால கொழம்பு வெச்சித் தின்னு" என்று மீன்கார அண்ணனைச் சிரித்தபடியே அனுப்பிவிடுவார். ஆய்வகத்தில் சரி என்று சொல்லாமல் ஒரு பாட்டிலும் வெளியே போனதில்லை.

மருத்துவமனையில் கடைசியாகச் சொன்னதும் சாஸைப் பற்றித்தான்: "டிரம்ம யாரும் தொறக்காதீங்க. நான் வந்து பாக்குறேன்."

அக்காவை எடுத்துச் சென்றதும் வழக்கப்படி வீட்டைக் கழுவிவிட்டார்கள். பின்புறம் வாயில் துணி கட்டி வைத்திருந்த டிரம்கள் மீதும் தீட்டுக் கழியட்டும் என்று தண்ணீரைப் பீய்ச்சிவிட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, நல்ல எண்ணம்தான். நான் பார்த்தபோது துணிகள் நனைந்து உள்ளே தொங்கின. உப்பு நீர்த்துப்போனால் உள்ளே ஊறும் மீன் கெட்டுவிடும்.

கருமாதியன்று எல்லோரும் ஆளுக்கொரு பாட்டில் கேட்டீர்கள்.

"ரெண்டு கை உப்பு போட்டுக் கலக்குடி, சரியாப் பூடும்" என்றார் பெரியம்மா.

"உள்ள கெட்டிருந்தா காய்ச்சுனாலும் அந்த வெஷம் போவாது பெரிம்மா" என்றேன்.

"உங்கக்கா கை பட்டதுடி! அதையா கொட்டுவ?"

ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தேன். எதுவுமே உண்ணத் தகுதியில்லை என்றார்கள். இன்னோர் இடத்திலும் கேட்டிருக்கலாமோ? ஒரு டிரம்மாவது தப்பியிருக்குமோ? என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் குழியில் கொட்டினேன். அக்காவை இரண்டாம் முறை அனுப்பியதுபோல் இருந்தது.

குழி வெட்டித் தந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், மருத்துவமனையில் உடனிருந்தவர்களுக்கும், இன்னும் என்னிடம் பேசாத பெரியம்மாவுக்கும் நன்றி. பாட்டில் கேட்டு ஏமாந்தவர்கள் மன்னியுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தை ஒன்று அதைச் சாப்பிட்டு வாந்தியெடுத்திருந்தால், அக்காவின் பெயரைச் சொல்லிக்கொண்டுதானே மருத்துவமனைக்கு ஓடியிருப்பீர்கள்? அந்த ஒரு சொல் அவர் மேல் விழுவதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.